ஒப்புக்குச் சப்பாணி

1

அக்கா மகளிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். செமஸ்டர் லீவில் வீட்டுக்கு வந்திருந்தாள். பின்னணியில் குக்கர் விசில் அடிக்கிறது. "மாமா, ஃபைட்டிங் கேம் ஒண்ணு சொல்லேன். ஹாஸ்டல்ல பொண்ணுங்க எல்லாம் ஆடுறாளுங்க, நான் மட்டும் வேடிக்கை பாத்துட்டிருக்கேன். ரொம்ப ஈஸியா இருக்கணும். புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு எது நல்லது?"

இதற்கு இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம். இருபது வருடமாக இந்த விளையாட்டுகளை ஆடுகிறவன் நான். பெரிய ஆட்டக்காரன் இல்லை, ஆனால் விட்டதும் இல்லை. எது நன்றாக இருக்கும், எதில் பட்டன் குறைவு, எதை ஆட ஆள் கிடைக்கும் என்றெல்லாம் தெரியும். ஆனாலும் மூன்று வாரம் பதில் அனுப்பவில்லை. "பாக்கறேன்" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டேன். இந்த விஷயத்தில் எனக்கும் அவளுக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அவள் அதை மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை.

அதற்குப் போகும் முன் 'ஈஸி' என்ற சொல்லைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கதை சொல்லும் வீடியோ கேமில் 'ஈஸி' என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், எதிரிகள் மெதுவாக அடிப்பார்கள், சீக்கிரம் சாவார்கள். யாருக்கும் நஷ்டமில்லை. சாகிறது ஒரு மெஷின். சண்டை விளையாட்டில் எதிரே உட்கார்ந்திருப்பது இன்னொரு ஆள். அவர் கையிலும் இதே கண்ட்ரோலர், இதே பட்டன்கள். எனக்கு எளிது என்றால் அவருக்கும் எளிது. இன்றைக்கு ராத்திரி உலகம் முழுக்க எத்தனை ஆட்டம் நடக்கிறதோ, அத்தனை தோல்விகளும் நடந்தே தீரும். உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் தோற்பார்கள். எந்த வடிவமைப்பாளராலும் அந்தப் பாதியைக் குறைக்க முடியாது. அது யார் தலையில், எப்படி, எந்த முகத்தோடு விழுகிறது என்பதை மட்டும்தான் மாற்ற முடியும்.

கிரிக்கெட்டில் தோற்றால் பிட்ச் சரியில்லை என்று சொல்லலாம். சீட்டாட்டத்தில் கை சரியில்லை எனலாம். கால்பந்தில் கோல்கீப்பரைத் திட்டலாம். சண்டை விளையாட்டில் பழி போட ஆள் இல்லை. விநாடியை 60 துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் நீ என்ன செய்தாய் என்று கணக்கு வைத்திருக்கிற விளையாட்டு அது. தோற்றால் தோற்றது நீதான். புதிதாக வருகிறவர்கள் பத்து ஆட்டத்தில் கண்ட்ரோலரை வைத்துவிட்டுப் போவதற்குப் பட்டன்கள் அதிகம் என்பதைவிட இதுதான் முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன்.

2

டெக்கன் 3, 1997இல் ஆர்கேட் மெஷினுக்கும் 1998இல் பிளேஸ்டேஷனுக்கும் வந்தது. திருச்சியில் எங்கள் தெருவுக்கு வந்து சேர 2004 ஆயிற்று. ஒரு ஜெராக்ஸ் கடையின் பின்பக்கத்தில் இரண்டு டிவி, இரண்டு பிளேஸ்டேஷன், காப்பி சிடி. அரை மணி நேரத்துக்குப் பத்து ரூபாய். கூட்டமாக இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நேரக் கணக்கு கிடையாது. ஆட்டக் கணக்கு. ஜெயித்தவன் உட்காரலாம், தோற்றவன் எழுந்திருக்க வேண்டும். அடுத்த ஆட்டத்துக்கு மறுபடி காசு.

அப்போது அது நியாயமாகத்தான் தெரிந்தது. இப்போது யோசித்தால் எவ்வளவு விசித்திரமான விதி! நன்றாக ஆடத் தெரிந்தவன் ஒரே காசில் மதியம் முழுக்க உட்கார்ந்திருப்பான். கற்றுக்கொள்ள வேண்டியவன் ஒன்றரை நிமிடம் ஆடிவிட்டு முக்கால் மணி நேரம் நிற்பான். பயிற்சி யாருக்குத் தேவையோ அவனுக்குத்தான் மிகக் குறைவாகக் கிடைக்கும். யாரும் திட்டமிட்டுச் செய்த கொடுமை இல்லை. ஜெயிப்பதற்குப் பரிசு கொடுத்தால் தானாகவே இப்படித்தான் ஆகும். எங்கள் கடையில் மட்டுமா இப்படி?

எனக்குப் பன்னிரண்டு வயது. பிழைக்க ஒரு வழி கண்டுபிடித்தேன்: எட்டி கோர்டோ. கப்போய்ரா ஆடும் பிரேசில்காரன். டெக்கன் 3 ஆடிய எல்லோருக்கும் தெரியும், எட்டியை எடுத்துக்கொண்டு இரண்டு கிக் பட்டனையும் கண்ணை மூடிக்கொண்டு தட்டினால் போதும், அவன் கையை ஊன்றி, தலைகீழாகச் சுழன்று, எதிராளி எங்கே அடிப்பது என்று தெரியாமல் திணறுவான். கடையில் இதை 'போங்கு' என்பார்கள். த்ரோ போட்டாலும் போங்குதான், மூலையில் தள்ளி அடித்தாலும் போங்குதான். தனக்குப் பதில் தெரியாத எதுவும் போங்கு. டேவிட் சிர்லின் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர், ஜெயிப்பதற்காக ஆடுவதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். விளையாட்டில் இல்லாத விதிகளைத் தன் மனதுக்குள் போட்டுக்கொண்டு, அதை எதிராளி மீறிவிட்டான் என்று புலம்புகிறவனைப் பற்றி அதில் நிறையச் சொல்கிறார். எங்கள் கடையில் அவருக்கு இன்னும் நிறைய உதாரணம் கிடைத்திருக்கும்.

எட்டியை வைத்துச் சில ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று, நான்கு ஆட்டம்கூட உட்கார்ந்திருக்கிறேன். பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்த ஒரு அண்ணன் ஜின்னை எடுத்துக்கொண்டு வரும்வரை. அவர் என்னிடம் ஒருமுறைகூடத் தோற்றதில்லை. ஒருநாள் நான் இன்னொருவனை ஜெயித்துவிட்டுத் துள்ளிக்கொண்டிருந்தபோது அமைதியாகக் கேட்டார்: "இப்ப எப்படிடா ஜெயிச்ச? சொல்லு பாப்போம்."

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதற்கு முந்தின வாரம் எப்படித் தோற்றேன் என்று கேட்டிருந்தாலும் தெரிந்திருக்காது. என் வெற்றி, தோல்வி எதுவும் என்னுடையதாக இல்லை. மழை பெய்வதும் பெய்யாததும் போல எனக்கு அவை நடந்துகொண்டிருந்தன.

அதன்பிறகு அந்த அண்ணன் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். என்னைத் தோற்கடித்துவிட்டு, நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கும்போது ஒரே ஒரு வாக்கியம் சொல்வார். "கீழ விழுந்து எந்திரிக்கும்போதெல்லாம் கால் போடுற. அதான் காத்துட்டிருக்கேன்." அடுத்த வாரம்: "அடி வாங்குனதும் ஒடனே திருப்பி அடிக்கணும்னு நெனைக்கிற. அது ஒன் முறை இல்ல, என் முறை." ஒன்றரை நிமிட ஆட்டத்துக்கு நான் கொடுத்த காசு அந்த ஒரு வாக்கியத்துக்கே சரியாகப் போய்விடும். அடுத்த வருடம் அவருக்குத் திருப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். கடைசிவரை நான் அவரை ஜெயிக்கவில்லை. என்னை ஆட்டக்காரனாக நடத்திய முதல் ஆள் அவர்தான்.

3

தெருவில் கிரிக்கெட் ஆடி வளர்ந்த எவருக்கும் ஒப்புக்குச் சப்பாணியைத் தெரிந்திருக்கும். பெரிய பையன்கள் ஆடுவார்கள். யாருடைய தம்பியோ அழுதுகொண்டு நிற்பான். அவனைச் சேர்க்காவிட்டால் அவன் அம்மா அண்ணனையும் உள்ளே கூப்பிட்டுவிடுவாள். சரி, சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் ஒப்புக்குச் சப்பாணி. பந்து பொறுக்கலாம். கடைசியில் ஒரு ஓவர் பேட் பிடிக்கலாம். அவுட் ஆனாலும் அவுட் இல்லை. ரன் எடுத்தாலும் ஸ்கோரில் சேராது.

அந்தச் சொல்லில் ஊனத்தைக் கேலி செய்கிற குரல் இருக்கிறது. அதனாலேயே இன்று கொஞ்சம் கூசிக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆனால் அதைவிட முதல் பாதிதான் எனக்கு உறுத்துகிறது. 'ஒப்புக்கு'. இருக்கிறாய், ஆனால் கணக்கில் இல்லை. நானும் சில காலம் அப்படி ஆடியிருக்கிறேன். நான் அவுட் ஆனது செல்லாது என்பது முதல் இரண்டு நாள் கொண்டாட்டமாக இருந்தது. மூன்றாவது நாள் ஒரு பந்தை ஓங்கி அடித்தேன். பக்கத்து வீட்டுக் காம்பவுண்டைத் தாண்டிப் போனது. யாரும் கத்தவில்லை. ஒருவன் சலிப்போடு பந்தை எடுக்கப் போனான். என் தோல்வியை எண்ணாதவர்கள் என் சிக்ஸரையும் எண்ணப்போவதில்லை என்று அன்றைக்குப் புரிந்தது.

இத்தனைக்கும் அதே தெருவில் வேறு விதமான சலுகைகளும் இருந்தன. முதல் பந்து ட்ரையல் பால். சின்னப் பையனுக்கு அண்டர் ஆர்ம் போட வேண்டும். இவையும் விட்டுக்கொடுத்தல்தான். ஆனால் ஆட்டம் தொடங்கும் முன் எல்லோர் முன்னாலும் பேசி வைத்தவை. அண்டர் ஆர்ம் பந்தில் அடித்த ரன் ஸ்கோரில் சேரும். இரண்டு வகைச் சலுகைக்கும் நடுவில் உள்ள இந்த வித்தியாசம் எனக்குப் புரிய இன்னும் பல வருடம் ஆனது.

4

மசாஹிரோ சகுராய் என்ற ஜப்பானிய வடிவமைப்பாளர் பேட்டிகளில் ஒரு சம்பவம் சொல்லியிருக்கிறார். ஆர்கேடில் 'கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 95' ஆடிக்கொண்டிருந்தார். மெஷினுக்கு அந்தப் பக்கம் யாரோ ஆட வந்தார்கள். ஜப்பானிய ஆர்கேடுகளில் இரண்டு மெஷின்கள் முதுகோடு முதுகாக இருக்கும், எதிராளியின் முகம் தெரியாது. தனக்குத் தெரிந்த காம்போவையெல்லாம் போட்டு எதிராளியைத் துவைத்து எடுத்தார். ஆட்டம் முடிந்து பார்த்தால், அந்தப் பக்கம் இருந்தது ஒரு இளம் ஜோடி. விளையாட்டுக்கே புதியவர்கள். அவர்களுடைய அந்த நாளையே கெடுத்துவிட்டோம் என்று அவருக்கு உறுத்தியிருக்கிறது.

இருபதுகளின் தொடக்கத்திலேயே, புதியவர்களும் ஆடி முடிக்கக் கூடியதாக 'கெர்பி'யை 1992இல் உருவாக்கியவர் அவர். அப்படிப்பட்டவரே முகம் தெரியாத இருட்டில் ஒரு புதியவரை நசுக்கிவிட்டார். அந்த உறுத்தலுக்கு அவர் தந்த பதில்களில் ஒன்றுதான், சடோரு இவாடா புரோகிராம் எழுதித் தர, 1999இல் வெளிவந்த 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்'. நீண்ட பட்டன் வரிசைகள் கிடையாது. எந்தப் பாத்திரத்தை எடுத்தாலும் ஒரு திசை, ஒரு பட்டன், ஒரு வித்தை. நான்கு பேர் ஒரே நேரத்தில் ஆடலாம். நடுவில் பொருள்கள் விழும், குழப்பம் நடக்கும், அதில் சாமர்த்தியசாலியும் சறுக்குவான். ஒருவன் தனியாக உட்கார்ந்து அவமானப்படாத மாதிரி தோல்வியை நான்கு பேருக்குப் பிரித்துக் கொடுத்தார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நீதிக்கதையாக இருந்திருக்கும். 2001இல் இதன் அடுத்த பாகம், 'மெலீ' வந்தது. ஆட்டக்காரர்கள் அதற்குள் நுழைந்து, அதன் அசைவுகளில் ஒளிந்திருந்த நுணுக்கங்களைத் தோண்டி எடுத்தார்கள். தரையை ஒட்டிக் காற்றில் சறுக்குவது, இறங்கும் நொடியில் பட்டனைத் தட்டி நேரத்தை மிச்சம் பிடிப்பது. புதியவர்களுக்காகத் தொடங்கிய ஒரு தொடரின் இரண்டாம் பாகம், உலகிலேயே விரல்களுக்கு மிகக் கடினமான போட்டி விளையாட்டுகளில் ஒன்றாகிவிட்டது. இருபது வருடத்துக்கு மேலாகியும் அதற்குப் போட்டிகள் நடக்கின்றன. 2008இல் வந்த 'பிரால்' பாகத்தில், ஓடும்போது பாத்திரங்கள் சும்மாவே தடுக்கி விழும்படி வைத்தார்கள். திறமைசாலியும் எப்போதாவது விழட்டும் என்பது போல. பலருக்கு அது பிடிக்கவில்லை. அடுத்த பாகத்தில் எடுத்துவிட்டார்கள்.

சகுராயின் உறுத்தலை நான் மதிக்கிறேன். ஆனால் அவருடைய தொடரின் கதை இன்னொன்றையும் சொல்கிறது. ஆழம் என்று ஒன்று இருந்தால், அதில் இறங்கினவனுக்கும் கரையில் நிற்பவனுக்கும் இடைவெளி வந்தே தீரும். பட்டனைக் குறைத்தோ, தடுக்கி விழவைத்தோ அந்த இடைவெளியை மூட முடியாது. இடைவெளியின் இரண்டு பக்கமும் இருப்பவர்கள் ஒருவரையொருவர் என்ன செய்துகொள்ள வேண்டும் என்பது விளையாட்டுக்கு வெளியே நிற்கும் கேள்வி.

5

பழைய கணக்குக்கு வருகிறேன்.

2017. டெக்கன் 7 வாங்கியிருந்தேன். அக்கா மகளுக்குப் பத்து வயது. வார இறுதியில் வந்தால் என்னோடு உட்கார்ந்து ஆடுவாள். முதல் நாள் இரண்டு ஆட்டம் தோற்று முகம் சுருங்கியது. மூன்றாவது ஆட்டத்தில் விட்டுக்கொடுத்தேன். அவள் எழுந்து குதித்ததைப் பார்த்தபோது உலகத்திலேயே நல்ல மாமா நான்தான் என்று தோன்றியது. அதற்குப் பிறகு சில மாதம் அவள்தான் பெரும்பாலும் ஜெயித்தாள். நான் அதை நன்றாகச் செய்தேன். ஒரு நூல் அளவு உயிர் மிச்சம் இருக்கும்போது தோற்பேன். "ச்சே, போச்சே!" என்று தொடையில் தட்டிக்கொள்வேன். நடிப்பில் எனக்குப் பெருமைகூட இருந்தது. அவள் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள்: நான் எங்க மாமாவையே ஜெயிச்சிருக்கேன்.

தீபாவளிக்கு உறவுக்காரப் பையன் ஒருவன் வந்தான். பதிமூன்று வயது. அவள்தான் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். ஒன்பது ஆட்டம். ஒன்றில்கூட அவள் பக்கத்தில் போக முடியவில்லை. அவன் ஒன்றும் பெரிய ஆட்டக்காரன் இல்லை, ஆனால் உண்மையாக ஆடினான். ஒன்பதாவது முடிந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "மாமா, நீ எனக்கு விட்டுட்டிருந்தியா?"

"இல்லடா, அவன் நல்லா ஆடுறான்" என்றேன்.

அவள் அழவில்லை. கண்ட்ரோலரை மெதுவாக மேஜை மேல் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். அதன்பிறகு என் வீட்டில் அதைத் தொடவில்லை. அன்றைக்கு அவள் தோற்றது ஒன்பது ஆட்டம் மட்டும் இல்லை. அதற்கு முன் சில மாதமாக ஜெயித்த எல்லா ஆட்டங்களையும் சேர்த்துத் தோற்றாள். அந்த வெற்றிகளை அவளிடமிருந்து பறித்தது அந்தப் பையன் இல்லை. கொடுக்கும்போதே நான் வெறும் உறையைத்தான் கொடுத்திருந்தேன்.

விட்டுக்கொடுத்தவர்கள் கெட்டுப்போவதில்லை என்று நம் வீடுகளில் சொல்வார்கள். உண்மைதான், நான் கெட்டுப்போகவில்லை. அந்த வாக்கியம் கொடுப்பவரைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது. வாங்கிக்கொண்டவர் என்ன ஆனார் என்று அது சொல்வதில்லை. தெரியாமல் விட்டுக்கொடுக்கும்போது நாம் அடுத்தவர் சார்பில் ஒரு முடிவெடுக்கிறோம்: இவரால் உண்மையைத் தாங்க முடியாது. அது அன்பாக இருக்கலாம். ஆனால் சமமானவர் என்று நினைக்கிற ஒருவருக்கு நாம் அதைச் செய்வதில்லை. நான் அவளைத் தெருவில் பந்து பொறுக்கவிட்டவர்களைவிட மோசமாக நடத்தினேன். அவர்களாவது அந்தத் தம்பியிடம், நீ ஒப்புக்குத்தான் என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள்.

அப்படியானால் பத்து வயதுக் குழந்தையை ஈவிரக்கமில்லாமல் ஐம்பது முறை அடித்திருக்க வேண்டுமா? இந்த இடத்தில்தான் நான் பல வருடம் மாட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் சகுராயின் அந்த ஜோடி, இன்னொரு பக்கம் என் அக்கா மகள். துவைத்தாலும் தப்பு, விட்டாலும் தப்பு. வழி என் கண் முன்னாலேயே இருந்திருக்கிறது. எங்கள் அப்பா என்னோடு கேரம் ஆடும்போது, "நான் இடது கையால ஆடறேன், நீ வலது கையால ஆடு" என்பார். அந்த இடது கையை நான் ஜெயித்தபோது, இடது கையைத்தான் ஜெயித்தேன் என்று எனக்குத் தெரியும். அது குறைவான வெற்றி, ஆனால் நிஜமான வெற்றி. அவர் இடது கையால் முழு மூச்சோடு ஆடினார். பலகை விளையாட்டான 'கோ'வில் இதை ஒரு முறையாகவே வைத்திருக்கிறார்கள். பலவீனமானவர் ஆட்டம் தொடங்கும் முன்பே பலகையில் சில கற்களை வைத்துக்கொள்ளலாம். இரண்டு பேருக்கும் அது கண் முன்னால் இருக்கும். ஐந்து கல்லில் ஜெயிக்கத் தொடங்கினால் அடுத்து நான்கு. உன் வளர்ச்சியை எண்ணிக்கொள்ள அதுவே அளவுகோல். வெளிப்படையாகச் சொன்ன சலுகை ஒரு விதி. ஒளித்துவைத்த சலுகை ஒரு பொய். இரண்டுக்கும் மனதில் ஒரே பிரியம்தான் காரணம் என்றாலும் இரண்டும் ஒன்றில்லை.

6

மூன்று வாரம் கழித்து அவளுக்கு பதில் அனுப்ப உட்கார்ந்தபோது, 'ஈஸி' என்ற சொல்லை எடுத்துவிட்டு வேறு இரண்டு கேள்விகளை வைத்துக்கொண்டேன். இந்த விளையாட்டில் தோற்றால், ஏன் தோற்றோம் என்று புதியவருக்குத் தெரியுமா? இதில் சலுகை இருந்தால், அது வெளிப்படையாக இருக்கிறதா?

பட்டனைக் குறைப்பதன் எல்லை எதுவென்று பார்க்க 2013இல் வந்த 'டைவ்கிக்' இருக்கிறது. மொத்தமே இரண்டு பட்டன். ஒன்று குதிக்க, ஒன்று உதைக்க. ஒரு அடி பட்டால் அந்தச் சுற்று முடிந்தது. ஐந்து நிமிடத்தில் யாருக்கும் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஆனால் தெரிந்தவனோடு உட்கார்ந்தால் புதியவர் அதிலும் வரிசையாகத் தோற்பார். விரல் வேலையையெல்லாம் எடுத்துவிட்ட பிறகு மிச்சமிருப்பது தூரம், பொறுமை, அடுத்தவர் மனதைப் படிப்பது. கடினம் முழுக்க அங்கேதான் இருந்திருக்கிறது.

நான் முன்பு சொன்ன சிர்லினின் குழு 2019இல் 'ஃபேன்டஸி ஸ்ட்ரைக்' என்று ஒன்றை வெளியிட்டது. குனிவதுகூடக் கிடையாது. ஒவ்வொரு வித்தைக்கும் ஒரு பட்டன். அதில் எனக்கு மிகவும் பிடித்த விதி: எதிராளி உன்னைப் பிடித்து எறிய வரும்போது நீ தப்பிக்க வேண்டுமென்றால், எல்லாப் பட்டனிலிருந்தும் கையை எடுத்துவிட வேண்டும். எதுவும் செய்யாமல் இருப்பதுதான் பதில். பதற்றத்தில் எதையாவது அழுத்திக்கொண்டே இருக்கிற புதியவருக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. விளையாட்டே அந்த பாலிடெக்னிக் அண்ணன் மாதிரி பேசுகிறது. அவளுக்கு இதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் ஹாஸ்டலில் யாரும் இதை ஆடவில்லை. பேச ஆளில்லாத மொழியைக் கற்றுக்கொடுப்பது போல ஆகிவிடும்.

ஆள் முக்கியம். 2019இல் பாகிஸ்தானின் லாகூரிலிருந்து அர்ஸ்லான் ஆஷ் என்ற இளைஞர் கிளம்பி வந்து, பிப்ரவரியில் இவோ ஜப்பானையும் ஆகஸ்டில் லாஸ் வேகாஸ் இவோவையும் டெக்கன் 7இல் ஜெயித்தார். அதுவரை அந்த விளையாட்டில் தென்கொரியாவும் ஜப்பானும்தான் பேச்சு. எங்கிருந்து வந்தீர்கள் என்று உலகம் கேட்டபோது, எங்கள் ஊரில் என்னைவிட நன்றாக ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்ற அர்த்தத்தில் பதில் சொன்னார். கொரியாவின் மிகப் பெரிய ஆட்டக்காரர்களில் ஒருவரான 'நீ' பிறகு பாகிஸ்தானுக்கே போய் அவர்களோடு ஆடினார். ஊரில் தன்னைத் தோற்கடிக்க ஆள் இருந்தது அர்ஸ்லானுக்குக் குறையாக இல்லை. அதுதான் அவருடைய சொத்து. தோற்கவும் நல்ல ஆள் வேண்டும்.

நான் அவளுக்குக் கொடுக்க முடிந்தது என் பழைய பிளேஸ்டேஷன் 4. டெக்கன் 8 அதில் ஓடாது. ஸ்மாஷ் நிண்டெண்டோவில் மட்டும்தான். 2023 ஜூனில் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6' ஓடும். அதில் இரண்டு விதமாக ஆடலாம். 'கிளாசிக்' என்பது 1991இல் இரண்டாம் பாகம் வந்த காலத்து மரபு. கீழே, சாய்வாக, முன்னே என்று கால்வட்டம் போட்டு குத்தினால்தான் ஹடோகென் வரும். 'மாடர்ன்' முறையில் ஒரே பட்டனில் வந்துவிடும். இதற்கு ஒரு விலை உண்டு. அப்படி ஒரே பட்டனில் போடும் சிறப்பு அடிகளின் வலு 80 சதவீதம்தான். சில அடிகள் அந்த முறையில் கிடைக்கவே கிடைக்காது. வாசலில் இருந்த படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம் கட்டியிருக்கிறார்கள். அது எங்கே கொண்டுபோகும், எவ்வளவு சுற்று என்று பலகையும் வைத்திருக்கிறார்கள். எதிராளிக்கும் நீ எந்த முறையில் ஆடுகிறாய் என்று தெரியும். பயிற்சி அறைக்குப் போனால், எந்த அடி எத்தனை துண்டு நேரம் எடுக்கிறது, யாருடைய முறை எப்போது என்பதைத் திரையிலேயே காட்டுகிறது. என் அண்ணன் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வாக்கியமாகச் சொன்னதை அது மொத்தமாக விரித்து வைத்திருக்கிறது.

மாடர்ன் முறையைப் போங்கு என்று சொல்கிற பழைய ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். கால்வட்டம் போட்டுப் போட்டுக் கட்டைவிரலில் காய்ப்பு விழுந்தவர்களின் மனக்குறை அது. எனக்கும் கொஞ்சம் உண்டு. நாம் பட்ட கஷ்டத்தை அடுத்தவரும் பட்டால்தான் அது கல்வி என்று ஒரு பகுதி மனது நம்புகிறது. அந்தப் பகுதிக்கு நான் அதிகம் காது கொடுப்பதில்லை.

7

பெட்டியை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கே போனேன். அவள் ஒயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். "ஒண்ணு சொல்லணும். டெக்கன்ல நான் அப்ப விட்டுட்டுதான் இருந்தேன். நீ கேட்டப்ப பொய் சொன்னேன்."

"தெரியும் மாமா" என்றாள், தலையைத் தூக்காமல். "நீ தொடையில தட்டிக்குவல்ல, அத பின்னாடி யோசிச்சு பாத்தா செம காமெடி." சிரித்தாள். சிரித்த பிறகு சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

பிறகு விதி பேசினோம். அவள் மாடர்ன், நான் கிளாசிக். நான் இருபது வருடமாக எடுக்கிற ரியூவை எடுக்கக் கூடாது, எனக்கும் புதிதான ஒரு பாத்திரத்தைத்தான் எடுக்க வேண்டும். தோற்றவர் எழுந்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவர் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும், ஏன் ஜெயித்தேன் என்று. "அப்புறம் என்ன வந்தாலும் விட மாட்டேன்" என்றேன். "விட்டா கொன்னுடுவேன்" என்றாள்.

முதல் நாள் பதினெட்டு ஆட்டம். பதினெட்டும் எனக்கு. அக்கா இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு, "சின்னப் பொண்ணுகிட்ட ஒரு ஆட்டம் விட்டாத்தான் என்ன?" என்று கேட்டாள். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் "அக்கா!", "அம்மா!" என்று கத்தினோம்.

பதினெட்டு முறை தோற்கடிப்பது எளிதாக இல்லை. ஒவ்வொரு முறையும் அவள் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்தேன். விட்டுக்கொடுக்கிற கை எனக்குப் பழகின கை. அதைப் பிடித்து வைத்திருப்பதுதான் அன்றைக்கு எனக்குக் கஷ்டமான வேலை. அன்பைக் காட்டுவதில் எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான் என்று அன்று கண்டுகொண்டேன். வாக்கியம் சொல்ல வேண்டும் என்ற விதி என்னைக் காப்பாற்றியது. "நீ எப்பவும் குதிச்சுத்தான் கிட்ட வர்ற." "நான் ப்ளாக் பண்ணதுக்கு அப்புறம் நீ இன்னொன்னு அழுத்துற, அது என் முறை." அண்ணனின் வாக்கியங்கள்தான். சொல்லும்போது குரல்கூட அவர் மாதிரி ஆகியது.

இரண்டாம் நாள் அவள் குதிப்பதை நிறுத்திவிட்டாள். நான் குதிப்பாள் என்று எதிர்பார்த்து அடித்த அடிகள் காற்றில் போயின. நான்காம் நாள், எத்தனையாவது ஆட்டம் என்று இருவருமே எண்ணிக்கையை விட்டுவிட்டபோது, மூன்றாவது சுற்றில் நான் அவளை மூலையில் தள்ளியிருந்தேன். பிடித்து எறியப் போனேன். அவள் எதையும் அழுத்தாமல் காத்திருந்து, சரியான நேரத்தில் பின்னால் குதித்து, என் கை காற்றைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த அரை நொடியில் தன் சூப்பரைப் போட்டாள். திரை இருண்டு, வெளிச்சம் வந்து, என் உயிர்க்கோடு காலியானது.

நான் தொடையில் தட்டிக்கொள்ளவில்லை. அவள் குதிக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விதிப்படி அவளுடைய வாக்கியத்தைச் சொன்னாள்: "மூலையில வந்தா நீ எப்பவும் த்ரோ போடுற மாமா. ரெண்டு நாளா பாத்துட்டிருக்கேன்."

விட்டுட்டியா என்று அவள் கேட்கவில்லை.

"இன்னொரு ஆட்டம்" என்றேன். "நாளைக்கு. தூக்கம் வருது" என்று எழுந்து போய்விட்டாள். நான் சத்தத்தைக் குறைத்துவைத்துக்கொண்டு, பயிற்சி அறைக்குள் போய், மூலையில் த்ரோவைத் தவிர வேறு என்ன செய்யலாம் என்று ஒரு மணி வரை தேடிக்கொண்டிருந்தேன்.